மூடியில் இருந்த விளக்குப் படம்

எனக்கு எழுத்தைவிடப் படத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. பூச்சி மருந்து டப்பாவில் மண்டை ஓடு, லாரியின் பின்னால் தீ, பஸ்ஸில் குறுக்கே கோடு போட்ட பீடி என்று படத்தைப் பார்த்தே இந்த வயது வரை வந்துவிட்டேன். ஒரு படமும் என்னை ஏமாற்றியதில்லை, என் பையனின் கார் இன்ஜினில் இருந்த படத்தைத் தவிர. (அது ஏமாற்றவில்லை, நான்தான் தப்பாகப் பார்த்தேன் என்கிறான் அவன். சொல்லிக்கொள்ளட்டும். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.)

பையன் ஏழுமலை கும்மிடிப்பூண்டியில் பார்த்த ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். அங்கேயே இன்னொரு கம்பெனியில், ஆபீசர்களை ஏற்றி இறக்க மாதக் கணக்கில் வண்டி கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் காரைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிடிக்காவிட்டால், விட்ட வேலையும் இல்லை, தொட்ட வேலையும் இல்லை.

அன்று காலை திருவள்ளூர் வீட்டு வாசலில், காரின் முன்பக்கத்தைத் திறந்து தண்ணீர் பார்த்தவன், அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனான். பொட்டு வைக்கலாம் என்று நான் போனேன். உள்ளே கறுப்பாக ஒரு மூடி. அதன் மேல் மூக்கு நீட்டிய விளக்குப் படம். மூக்கு நுனியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட வரைந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ, சாமிக்கு ஓர் இடம் விட்டிருக்கிறானே! திருகித் திறந்தேன். உள்ளே எண்ணெய் பளபளத்தது. (அப்புறம் என்ன சந்தேகம்?)

சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் மூன்று கரண்டி ஊற்றினேன். கொஞ்சம் வெளியேயும் சிந்தியது. குங்குமச் சிமிழை மூடுவதுபோல அந்த மூடியை மேலே மெதுவாக வைத்துவிட்டு, காரின் நெற்றியில் பொட்டு வைத்துக் கும்பிட்டேன். பையனிடம் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது.

கும்மிடிப்பூண்டியில் இருக்கும் மகள் வீட்டில் என்னை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. பெரியபாளையம் தாண்டியதும் ஏழுமலை மூக்கைச் சுருக்கினான்.

"அம்மா, இன்னாமோ தீயுற வாசன வர்ல?"

"வந்தா நல்லதுதாம்பா" என்றேன். சாமி விளக்கு எரிகிறது என்று நினைப்பு. அவன் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

கவரைப்பேட்டைக்கு வந்தபோது முன்னால் புகையே வந்துவிட்டது. ரோட்டோர மெக்கானிக் ஒருவர் திறந்து பார்த்தார்.

"மேலெல்லாம் ஆயில் அடிச்சிக்கினு கீது நைனா. கேஸ்கட்டு போயிருக்கும். அவுத்தாதான் தெரியும். நாளைக்கி சாயங்காலம் வந்து எட்த்துக்கோ."

"நாளைக்கா? பத்து மணிக்கு நான் கம்பெனில நிக்கணும்ணா!"

"அப்ப தள்ளிக்கினு போ."

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் கிளாஸோடு வந்து மோந்து பார்த்தார்கள். கிளட்ச் என்றார் ஒருவர். எலி ஒயரைக் கடித்திருக்கும் என்றார் மற்றவர். மெக்கானிக் விரலால் தொட்டு மூக்கில் வைத்தார். "இன்னாடா பேஜாரு இது, பஜ்ஜிக் கடை வாசன அடிக்குது?"

அது என் எண்ணெய்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வேற்று ஆம்பிளைகள் மூன்று பேர் நிற்கும் இடத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது. ரேஷன் கடையில்கூட அட்டையை நீட்டுவதோடு சரி. ஏழுமலை ஓரமாகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கம்பெனிக்கு வரமுடியாது என்று சொல்லப் போனை எடுத்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"இன்னாம்மா, பாத்ரூம் போணுமா?" அங்கிருந்தே கத்தினான். "அண்ணே, இங்க லேடீஸ் பாத்ரூம் எங்க கீது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இதற்கு மேல் போக என்ன மானம் இருக்கிறது? இறங்கினேன்.

"நான்தான் ஊத்துனேன்."

"இன்னா ஊத்துன?"

"நல்லெண்ண. அந்த வெளக்குக்கு."

மெக்கானிக் மூடியைத் தொட்டார். திருகாமலே கையோடு வந்துவிட்டது. மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆயா, இது வெளக்கு இல்ல. ஆயில் கேன் படம். இன்ஜின் ஆயில் ஊத்துற எடம் இது."

"மூக்கு கீதே" என்றேன்.

"திரி போட்டியா?"

"இல்லீங்க."

"நல்ல வேள. திரி போட்டிருந்தா கொளுத்தியும் வுட்டிருப்ப."

டீக்கடைக்காரர் கடையை விட்டு வந்து சிரித்தார். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. போனை மெல்லப் பையில் போட்டான்.

அவிழ்க்க ஒன்றும் இல்லை. இருந்த ஆயிலை எல்லாம் இறக்கிப் புதிதாக ஊற்றி, சிந்தியதைத் துணியால் துடைத்து, மூடியை இறுக்கித் திருகினார். "சூட்டுக் குழாய்ல ஒட்டுனது எரிஞ்சி போற வரைக்கும் வாசன வரும், பயப்படாத" என்றார்.

வந்தது. என்னை இறக்கிவிட நேரமில்லாமல் நேராகக் கம்பெனிக்குப் போனோம். மணி பதினொன்று. வண்டிகளுக்குப் பொறுப்பானவர் காரைச் சுற்றி வந்து மோந்தார். "என்னங்க, வண்டிலயே சமையலா?"

ஏழுமலை ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். சீட்டுக்கு அடியில் புகுந்துகொள்ள முடியாத உடம்பை எனக்கு ஏன் கொடுத்தாய் என்று சாமியைக் கேட்டேன். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கேட் வாட்ச்மேனைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாசன போனதும் திங்கக்கெழம கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை கார் வேலைக்குச் சேர்ந்தது. சாமிதான் காப்பாற்றியது என்றேன். ஏழுமலை கையெடுத்துப் பெரிய கும்பிடாகப் போட்டான், எனக்கு.

கேட்டில் அதற்கு நம்பர் கிடையாது, 'நல்லெண்ண வண்டி' என்றுதான் பேர். அந்தப் பேரைச் சொல்லி விசாரித்துத்தான் ஏழுமலைக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். மருமகள் நல்ல பெண். எனக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் முதலில் போய்க் காரைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். அப்புறம்தான் எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் தருவாள்.