எண்பத்தஞ்சு கிலோ வரை பறக்கலாம்

காரைக்கால் புருஷன்மாருக்கு அதிர்ச்சி ஒன்றும் புதிதில்லை. பெண்டாட்டி கையிலிருந்த மாம்பழத்தைப் பார்த்து மிரண்டு, கப்பலேறி ஓடிப்போனவரே நம்ம ஊர்க்காரர்தான். அந்த வரிசையில் அடுத்தவர் சோமசேகரன். இவர் கப்பலேறவில்லை. நேரே ஆகாயத்துக்கே போனார்.

குரும்பகரத்தில் கொஞ்சம் நிலம், காரைக்காலில் அரசாங்க உத்தியோகம், இரண்டுக்கும் முன்னால் போகிற ஒரு தொப்பை. இதுதான் சோமசேகரன். கீழவாஞ்சூர் பக்கம் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற பரோட்டாக் கடையில் அவருக்கென்றே ஒரு பெஞ்சு உண்டு. "எடையைக் குறைக்கலேன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனைவி திரிபுரசுந்தரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், கம்பங்கூழ் காய்ச்சிப் பார்த்தாள். "இது வளர்ந்த உடம்பும்மா, சுருங்காது" என்று சொல்லிவிட்டு மனுஷன் பரோட்டாவுக்குப் போய்விடுவார்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவேட்டக்குடி கடற்கரையில்தான் அந்த வண்டியைப் பார்த்தார். மூன்று சக்கரம், இரண்டு சீட்டு, பின்னால் ஆளுயரக் காத்தாடி, தலைக்கு மேலே பாராசூட்டுத் துணி. பாராமோட்டாராம். மணலில் கொஞ்ச தூரம் கடகடவென்று ஓடியது. அவ்வளவுதான், ஜிவ்வென்று மேலே போய்விட்டது. சோமசேகரன் வாயைப் பிளந்தவர் மூடவேயில்லை. செத்தாலும் இதில் ஒரு தடவை ஏறிவிட்டுத்தான் சாவது என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டார்.

வண்டி ஓட்டுகிற மணிபாரதியிடம் போனார். "தம்பி, எனக்கு ஒரு சீட்டு."

"இன்னிக்கு ஃபுல் சார். பேரு சொல்லிட்டுப் போங்க, போன் பண்றேன்."

"சோமசேகரன். கணக்கு டீச்சர் வீட்டுக்காரர்னா ஊருக்கே தெரியும்."

மணிபாரதி முகம் சட்டென்று மாறியது. நம்ம செல்வாக்கு அப்படி என்று சோமசேகரன் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் போன் வந்தது. "சார், எண்பத்தஞ்சு கிலோவுக்கு மேல ஏத்த முடியாது. மழை முடிஞ்சு தை மாசம் திரும்பவும் வருவோம். குறைச்சுக்கிட்டு வாங்க."

இடி விழுந்த மாதிரி இருந்தது. அவர் தொண்ணூற்றெட்டு. சுந்தரியிடம் சொல்லவும் முடியாது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆளை அவள் வானத்தில் ஏற விடுவாளா? ரகசியமாகத்தான் இளைக்க வேண்டும். எப்படியென்று யோசித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்.

"என்னங்க, நெய் ஊத்தி இன்னும் ரெண்டு தோசை போடவா?"

சோமசேகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெய் ஜாடியை அவர் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகிறது.

"என்ன சுந்தரி திடீர்னு?"

"இனிமே உங்களை ஒண்ணும் சொல்றதா இல்லீங்க. நல்லா சாப்பிடுங்க. பாக்கப்போனா இந்தத் தொப்பையும் உங்களுக்கு ஒரு அழகாத்தான் இருக்கு."

கையிலிருந்த தோசை நழுவித் தட்டில் விழுந்தது. அடிப்பாவி! யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். தின்னக் கொடுத்தே தரையில் உட்காரவைக்கப் பார்க்கிறாள்! "ஒண்ணு போதும்" என்று எழுந்துவிட்டார். நானா அவளா, பார்த்துவிடலாம் என்று கை கழுவும்போதே கறுவிக்கொண்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் யுத்தம். அவள் வடை சுட்டால் அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்த் தெருநாய்க்குக் கொடுப்பார். அவள் அதிரசம் சுட்டால் அதுவும் நாய்க்குத்தான். அவர் இளைக்க இளைக்க நாய் பெருத்துப்போய், திருடன் வந்தால்கூட எழுந்திருக்காமல் படுத்துக்கொண்டே குரைத்தது. ஸ்கூட்டரைக் கொண்டுபோய் சிநேகிதர் முத்து முகம்மது வீட்டுக் கொட்டகையில் ஒளித்துவைத்தார். ஆபீசுக்கு நடை, வயலுக்கு நடை, கடைத்தெருவுக்கும் நடை.

"ஸ்கூட்டர் எங்கேங்க?"

"ரிப்பேர். பார்ட்ஸ் வரணுமாம்."

"எங்கேருந்து?"

"பிரான்சுலேருந்து."

"அடேயப்பா! நம்ம வண்டி அவ்வளவு உசத்தியா! அது வர்ற வரைக்கும் ஆட்டோவுல போங்க. நடந்தா கால் வலிக்கும், பாவம்."

"நான் நடந்துதான் போவேன்!" என்று கத்திவிட்டுச் செருப்பை மாட்டினார்.

தை பிறந்தது. பேன்ட்டெல்லாம் இடுப்பில் நிற்காமல் சரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, வயலுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, கொட்டகையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருவேட்டக்குடிக்குப் பறந்தார். மீன் நிறுக்கிற தராசில் ஏறி நின்றார். எண்பத்து நாலு! பக்கத்தில் வஞ்சிர மீனோடு காத்திருந்த அம்மாள், "எறங்குங்கய்யா, மீனு கெட்டுப்போவுது" என்று விரட்டியதுகூட அவர் காதில் விழவில்லை.

முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டு இறுக்கினான் மணிபாரதி. காதில் மைக்கோடு ஒரு ஹெல்மெட். காத்தாடி சுற்றியது. "முருகா!" என்று கண்ணை மூடியவர் திறந்தபோது காலுக்குக் கீழே கடல். படகெல்லாம் தீப்பெட்டியாகக் கிடந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கொஞ்சம் தைரியம் வந்ததும் ஒரு சந்தேகமும் வந்தது. "தம்பி, எனக்கு முன்னாடி இதுல ஒருத்தர் போயிட்டு வந்தாரே, நல்ல கனமா. அவரு எவ்வளவு இருப்பாரு?"

"நூறு இருப்பாரு சார்."

"என்னது! எண்பத்தஞ்சுதானே லிமிட்டு?"



"அது வண்டிக்கு இல்ல சார். உங்களுக்கு."

"ஆங்?"

"நீங்க பேரு சொல்லிட்டுப் போனதும் டீச்சருக்குப் போன் பண்ணிட்டேன் சார். அவங்க கையால காது திருகு வாங்கினவன் நான், பயமிருக்காதா? 'நேரா சொன்னா கேக்க மாட்டாரு, என்னை ஜெயிக்கணும்னா எதையும் செய்வாரு, நீ எண்பத்தஞ்சுன்னு சொல்லு'ன்னாங்க. டாக்டர் சொன்னதைச் சொல்றப்போ அழுதுட்டாங்க சார். டீச்சர் அழுது நான் கேட்டதே இல்ல."

சோமசேகரனுக்கு வானத்திலேயே மயக்கம் வரும்போலிருந்தது. நெய்த்தோசை, வடை, அதிரசம், பிரான்சு! ஐந்து மாதம் அவர் நடத்திய யுத்தத்தை இரண்டு பக்கமும் அவளேதான் நடத்தியிருக்கிறாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அழுதாளாமே! அதை நினைத்ததும் வந்த கோபம் அப்படியே கரைந்துபோய்விட்டது.

"கீழ பாருங்க சார், டீச்சர் வந்திருக்காங்க."

எட்டிப் பார்த்தார். கரையில் அவருடைய ஸ்கூட்டர் பக்கத்தில், மஞ்சள் புடவையில், சுந்தரியேதான். நிமிர்ந்து பார்த்துக் கையாட்டினாள். இவரும் உருகிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். "சுந்தரி! சுந்தரி!" என்று கத்தினார்.

அவள் கையை இறக்கினாள். இடுப்பிலிருந்து எதையோ எடுத்தாள், வீட்டிலிருந்த மாற்றுச் சாவியாகத்தான் இருக்க வேண்டும். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.

"ஏய்! அது என் வண்டி! நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"டீச்சர் உங்களை நடந்தே வரச் சொன்னாங்க சார்," என்றான் மணிபாரதி. "அடுத்த தைக்கு லிமிட்டு எழுபத்தஞ்சாம்."