பிரிண்ட்அவுட் டீச்சரும் பாம்புக்கடி ஒத்திகையும்

இன்டர்நெட்டை முழுசாக நம்பிய ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் பிரிண்ட்அவுட் டீச்சர்தான். அதைக் கண்டுபிடித்தவர்களுக்குக்கூட அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்காது.

திருவையாற்றிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருந்த நடுநிலைப் பள்ளியில் அவர் அறிவியல், நான் தமிழ். ஊரில் பாதி வீட்டு ஆண்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்த காலம். அவர்களோடு வீட்டுப் பெண்கள் முகம் பார்த்துப் பேசட்டும் என்று, சவூதியிலிருந்து திரும்பிய பாய் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார். பள்ளி விட்டதும் அங்கே ஒரு நாற்காலி டீச்சருக்கு. எங்கோ ஒரு தேசத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போட்டு வைத்திருக்கும் இதயத்தையும் நுரையீரலையும் பிரிண்ட் எடுத்து வந்து வகுப்புச் சுவரில் ஒட்டுவார்.

அப்போதெல்லாம் ஒரு படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். இறங்கி முடியும்வரை டீச்சர் எழுந்திருக்க மாட்டார். கண்ணைக்கூட எடுக்க மாட்டார். எடுத்தால் லைன் போய்விடும் என்று அவருக்கு ஒரு எண்ணம். அறிவியல் ஆசிரியை.

"டீச்சர், எங்க வீட்டுக்காரர் அங்க காத்துக்கிட்டு இருப்பாருங்க" என்று பின்னால் நிற்கும் பெண்கள் கெஞ்சுவார்கள்.

"இருங்கம்மா, சிறுநீரகம் பாதிதான் வந்திருக்கு" என்பார், திரும்பாமலே. ஒருமுறை தலைமையாசிரியரே கூப்பிட வந்து, நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். படம் கடைசிக் கோடு வரை வந்ததும் டீச்சர் மெதுவாக "ஸ்தோத்திரம்" என்பார். லுத்தரன் சபைக்காரர். கோயிலில்கூட அவ்வளவு உருகிச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

அப்படி இறக்கியதில் ஒன்று பாம்புக்கடி முதலுதவி. சுற்றிலும் வயல், அறுப்புக்கு அறுப்பு யாரையாவது பாம்பு தீண்டும் ஊர். டீச்சர் அதைச் சுவரில் ஒட்டியதோடு விடவில்லை. வாரா வாரம் ஒத்திகை. சைக்கிள் டியூப்தான் பாம்பு. ஆறாம் வகுப்பில் இருப்பதிலேயே எடை குறைந்தவன்தான் நோயாளி. அவனை பெஞ்சில் படுக்கவைத்து, எட்டாம் வகுப்பு ஷமீமா தலைமையில் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிப் போவார்கள். கூப்பிட்டதும் கிளம்பக்கூடிய வேன் ஊரில் பாயிடம் மட்டும்தான் இருந்தது. வேன் பக்கத்தில் பெஞ்சை இறக்கினால் ஒத்திகை முடிந்தது. வரிசையில் நின்றால் பாய் ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுப்பார். தூக்கும்போது பிள்ளைகள் சொல்வதற்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன்: "கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, நடக்கவிடாதே." ஊரே கடை வாசலில் நின்று சிரிக்கும். நானும் சிரித்தவன்தான்.

ஒரு நாள் சாயங்காலம், பிள்ளைகள் இன்னும் கலையாத நேரம், பள்ளிக்குப் பின்னால் வைக்கோல் போரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை எடுக்கப் போனேன். சாவி கை தவறி வைக்கோலுக்குள் விழுந்தது. துழாவினேன். சுருக்கென்றது. தடியாக, உடம்பெல்லாம் வட்டம் வட்டமாக ஒன்று நெளிந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். கண்ணாடி விரியன்.

வாட்ச்மேன் கயிறும் பிளேடுமாக ஓடி வந்தார். அவருக்கு முன்னால் ஷமீமா வந்து நின்றாள்.

"கட்டக் கூடாதுங்க. பிளேடும் வேணாம்."

"போ புள்ள அந்தாண்ட, மனுசன் செத்துருவாரு."

"கட்டினாத்தாங்க கஷ்டம். ஐயா, நீங்க உக்காருங்க. நடக்காதீங்க."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "பேசாதீங்க ஐயா, படபடப்பு கூடும்" என்றாள். நாற்பத்தைந்து பிள்ளைகளை வாயை மூடச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். மூடிக்கொண்டேன்.

கை வீங்க ஆரம்பித்துவிட்டது. விரலில் மாமனார் போட்ட மோதிரம், கல்யாண நாளிலேயே இறுக்கம். இழுத்தார்கள், வரவில்லை. வலியில் கண் இருட்டியது. ஷமீமா தன் பக்கத்தில் நின்ற சிறுமியின் தலையில் கையை வைத்து அழுத்தித் தடவினாள். அந்தப் பிள்ளையின் அம்மா காலையில் வைத்துவிட்ட தேங்காய் எண்ணெய் அத்தனையும் என் விரலுக்கு வந்தது. மோதிரம் வழுக்கிக்கொண்டு கழன்றது.

பெஞ்ச் கிளம்பியது. ஆறாம் வகுப்புப் பையனைத் தூக்கிப் பழகியவர்கள் என் எடைக்குத் திணறினார்கள். ஆனாலும் ஓடினார்கள். வாட்ச்மேனும் கயிற்றைப் போட்டுவிட்டு பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தார். "கட்டாதே, கீறாதே" என்று நான் எழுதியதை என் காதுக்கே ஓதிக்கொண்டு போனார்கள். ஈறுகளில் ரத்தம் கசிவது தெரிந்தது. இரண்டு பெண் குழந்தைகள் எனக்கு. பெரியவளுக்கு அன்றைக்குக் காலையில் தலை பின்னிவிட்டதும் நான்தான். அது மட்டுமே ஞாபகத்தில் ஓடியது. கடை வாசல்களில் வழக்கம்போலச் சிரிப்பு.

வேன் பக்கத்தில் பெஞ்சை இறக்கினார்கள். பாதிப் பிள்ளைகள், பழகிய கால்கள் இழுத்த பக்கம், மிட்டாய்க்கு வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். பாய் டப்பாவைத் திறந்தார்.

"இன்னிக்கு தமிழ் ஐயாவே நடிக்கிறாரா? ரொம்பத் தத்ரூபமா இருக்குங்க."

"நெசமாத்தான் பாய், வண்டிய எடுங்க" என்று ஷமீமா கத்தினாள்.

"போன வாரமும் இப்படித்தானே சொன்னே" என்றார் பாய். டீச்சர் அப்படிச் சொல்லத்தான் பழக்கியிருந்தார். நான் பேச நினைத்தேன், நாக்கு எழவில்லை. இனி அவ்வளவுதான் என்று பட்டது.

உள்ளே டீச்சர் உட்கார்ந்திருந்தார். திரையில் ஏதோ ஒரு படம் முக்கால்வாசி இறங்கியிருந்தது. ஷமீமாவின் குரல் கேட்டுத் திரும்பினார். என் கையைப் பார்த்தார். எழுந்து வந்தார். படத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். நாற்காலி காலியானதைப் பார்த்த பிறகுதான் பாய்க்கு விளங்கியது. மிட்டாய் டப்பா கீழே உருண்டது, வேன் கிளம்பியது.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது எனக்குக் கொஞ்சம் தெளிந்தது. கட்டாமல் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"டீச்சர், என்ன படம் அது?" என்று முனகினேன்.

"ஏதோ ஈரல். போனாப் போகுது" என்றார், திரும்பாமலே.

அவர் மருந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டுச் சொட்டாக இறங்கியது. என் மனைவி வந்து காபி குடிக்கக் கூப்பிட்டாள், அவர் அசையவில்லை. நர்ஸ் நகரச் சொன்னார், அசையவில்லை. கண்ணை எடுத்தால் லைன் போய்விடும் அல்லவா.

கடைசிச் சொட்டு இறங்கியதும் டாக்டர் வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். டீச்சர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, மெதுவாக, "ஸ்தோத்திரம்" என்றார்.