ஐந்தாம் திரியும் நீலத் தறப்பாளும்

வாழி! குருநகர்க் கடற்கரையின் கோமகளே, சீலாவும் கட்டாவும் நெத்தலியும் நின் உப்புக்கைக்குப் பணிந்து கருவாடாகிக் கிடக்க, சந்தைகள் பலவற்றை மணத்தாலேயே வென்றடக்கிய அற்புதராணி அம்மையே, வாழி! நின் போரைப் பாடப் புகுந்தேன். மூக்கைப் பொத்தாமல் பாடி முடிக்கும் வல்லமையை எனக்குத் தந்தருள்க.

ஆவணி வெயிலை நம்பி மணலில் விரித்த கருவாட்டைத் தனியே விட்டு, கூப்பிடு தூரத்துத் தகரக் கொட்டகைக்கு அம்மை எழுந்தருளியது ஏனெனக் கேட்பீர். சென்ற திங்களும் காலந்தப்பிய மழை வந்து அவளது சரக்கை அழித்தது. இன்னுமொருமுறை நனைந்தால் வியாபாரத்தை மூடவேண்டியதுதான். மாறிவரும் காலநிலைக்குச் சிறுவியாபாரிகளை ஆயத்தப்படுத்த அக்கொட்டகையில் நடந்த செயலமர்வில், சரக்கை மழைக்கு மூட ஆளுக்கொரு நீலத் தறப்பாள் வழங்கப்படுமென அறிவித்திருந்தார் அமைப்பாளர் செல்வரட்ணம். ஆயினும் மங்கல விளக்கு ஏற்றாமல் ஒரு கூட்டமும் தொடங்காதென்பது எம் யாழ்ப்பாணத்தின் அசையா நெறியன்றோ! ஐந்து திரிக்கு ஐவர் குறிக்கப்பட்டனர். ஐந்தாம் திரி, வியாபாரிகள் சார்பில், நம் தலைவிக்கு.

எழுந்தது சோளகம்! கூரையைக் குலுக்கி, கதிரைகளை உருட்டி, பதாகையைப் பறித்துச் சூறையாடிய அப்பெருங்காற்று, பிரதம விருந்தினர் கனகலிங்கம் ஏற்றிய முதற்சுடரை ஒரே மூச்சில் அணைத்தது. மீண்டும் ஏற்றினார், மீண்டும் அணைத்தது. நெருப்புக்குச்சிகள் தலைகருகி வரிசை வரிசையாய் மாண்டன. தமக்குப் போர்த்திய பொன்னாடையைக் கேடயமாக்கி அவர் மறுபடி பொருதார், பொன்னாடை தீய்ந்தது. அந்நேரம் கடலுக்கு மேலே, எருமை மந்தையெனக் கருமேகம் திரண்டு வருவதை அம்மை கண்டாள். மேடையை நோக்கிக் கூவினாள்.

"செல்வரட்ணம் அண்ணை! மழை வருது! என்ரை கருவாடு வெளியிலை கிடக்குது, தறப்பாளை இப்பவே தாங்கோ!"

"விளக்கேத்தாமல் ஒண்டும் குடுக்கேலாது, அக்கா!" என ஒலிவாங்கியிலேயே முழங்கினார் அமைப்பாளர்.

ஓடிப்போய் அள்ளியிருக்கலாமே என்பீர். பெயர் கூப்பிடும்போது ஆளில்லையெனில் தறப்பாள் வேறு கைக்குப் போய்விடும் ஐயா!

சினந்தாள் அற்புதராணி. சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகி, மேடையில் ஏறி, தறப்பாட்கட்டின் கயிற்றைப் பல்லாற் கடித்தறுத்து, ஒன்றை உதறி விரித்து, "மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ!" என ஆணையிட்டாள். பிரதம விருந்தினரே பிடித்தார். குத்துவிளக்கைச் சுற்றி நீலக்கோட்டை எழுந்தது. வாசல் காணாமல் சோளகம் தலையை முட்டிக்கொண்டு திரிந்தது. ஒரு கையால் தறப்பாளைத் தாங்கி, மறுகையால் நால்வர் திரிகளையும் தன் திரியையும் அம்மையே ஏற்றிவிட்டாள். சுடர்கள் ஐந்தும் நிமிர்ந்து நின்றன. சபை கைதட்டியது.

வென்ற தறப்பாளைச் சுருட்டிக்கொண்டு கடற்கரைக்குப் பாய அவள் காலெடுத்த கணத்தில், ஐயகோ, இடிபோல் வந்தது அமைப்பாளரின் குரல்:

"விட்டிடாதேங்கோ அக்கா! ஏத்தின விளக்கு நூந்தால் அபசகுனம். கூட்டம் முடியுமட்டும் பிடியுங்கோ!"

"ஓம், ஓம், பிடியுங்கோ!" என்றது சபை.

காற்றுக்கு அஞ்சாதவள், மேகத்துக்கு அஞ்சாதவள், அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சினாள். தான் ஏற்றிய விளக்கைத் தானே அணையவிட எந்தக் குருநகர்ப் பெண்ணுக்கு மனம் வரும்? யாரேனும் வந்து மாற்றிப் பிடிப்பாரோவென்று நாற்புறமும் நோக்கினாள். மற்றப் பக்கத்தை விட்டுப்போன பிரதம விருந்தினர் உட்பட எல்லார் கையிலும் றோல்ஸும் தேத்தண்ணியும் இருந்தன. பாவி மக்கள், எழுதும் எனக்கே நெஞ்சு கொதிக்கிறது.

கால்கள் கடற்கரைக்குத் துடிக்க, கைகள் தறப்பாளை இறுகப் பற்ற, கண்கள் கூரை விளிம்பில் வழியும் மழைத்தாரையை வெறிக்க, சிலையென நின்றாள் அம்மை. வரவேற்பு நடனம் ஆடிற்று, வரவேற்புரை ஓடிற்று, தலைமையுரை தன் போக்கில் நீண்டது, பின்னர், தகரத்தில் பறைகொட்டும் பெருமழையையும் மிஞ்சிய குரலில், 'சரக்கு நனையாமல் மூடிவைப்பது எப்படி' எனும் அரும்பொருள் பற்றிச் செல்வரட்ணம் சிறப்புரை ஆற்றத் தொடங்கினார்.

கருவாடெல்லாம் நனைஞ்சு போச்சு.