சாம்பிராணிக்குச்சி குத்திய அம்புகள்

மல்வேர்ன்,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

என்மேல் எவ்வளவு கோபமிருந்தாலும் எனக்கு எப்போதும் அன்பான அக்காவுக்கு,

தம்பி சண்முகலிங்கம் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் மகள் மதுராவும் மருமகன் மாக்கஸும் சுகமாய் இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோவும் அத்தானின் இருமலும் தணிந்து, மார்க்கம் நகரில் நீங்கள் இருவரும் சுகமாய் இருக்கவேண்டுமென்று கும்பிடுகிறேன். போன் எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்ட அடையாளத்தையும் காணவில்லை. ஆகவே முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறேன். நீங்கள் இதைக் கிழித்துப் போடுவதென்றாலும், அதற்கு முதல் இரண்டு வரியாவது கண்ணில் படும் என்று ஒரு நம்பிக்கை.

கடைசியாக நீங்கள் போனில் கேட்டது, "உனக்கென்னத்துக்கடா இந்த வயசிலை அம்பு?" என்று. நான் வாயைத் திறக்க முதலே வைத்துவிட்டீர்கள். பதில் கொஞ்சம் நீளம். மாக்கஸ் பீற்றர்பரோப் பக்கத்துப் பிள்ளை, சிறு வயதிலிருந்தே தகப்பனோடு வில் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவன். அது தெரிய வந்த நாளிலிருந்து நீங்கள் எங்கள் வீட்டில் தேத்தண்ணியைக்கூட மணந்து பார்த்துத்தான் குடிக்கிறீர்கள், நான் குறை சொல்லவில்லை. போன வருடம் அவன் விட்ட அம்பு ஒரு மானின் தோள் எலும்பில் பட்டு, கூர்முனை பூட்டியிருந்த இடத்தில் முறிந்துபோனது. மான் ஓடிவிட்டது. இவன் இருட்டும்வரை தேடினான், அடுத்த நாளும் போய்த் தேடினான், இரத்தம் பட்ட பாதித் தண்டு மட்டும்தான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து வில்லைக் கராஜில் கொழுவியவன் பிறகு அதைத் தொடவில்லை. "அப்பா, அவர் ஒழுங்காச் சாப்பிடுறேல்லை, கேட்டாலும் ஒண்டும் சொல்லுறேல்லை," என்று மதுரா அழுதாள். ஒருநாள் நாங்கள் இருவரும் காரில் போகும்போது அவனாகவே, "அது எங்கயோ கிடந்து துடிச்சுத்தான் செத்திருக்கும் மாமா," என்றான். மாமா என்பது மட்டும் தமிழ், மற்றதெல்லாம் ஆங்கிலம், நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். இந்த வருடம் இன்னொருமுறை மட்டும் போவேன், அதுவும் நம்பக்கூடிய ஓர் அம்பு கிடைத்தால்தான், இல்லையென்றால் வில்லை விற்றுவிடுவேன் என்றான். சொல்லிவிட்டு, அம்பைத் தெரிவு செய்து தர என்னைக் கூப்பிட்டான்.

என்னை ஏன் என்று நானும் யோசித்தேன். அவன் என்னோடு தமிழ்க் கடைக்கு வந்து என் கூத்தைப் பார்த்திருக்கிறான். முருங்கைக்காயை முறுக்கி, தேங்காயைக் காதடியில் குலுக்கி, வெண்டிக்காய் நுனியை ஒவ்வொன்றாய் முறித்து, கடைப் பெடியன் "அங்கிள், முறிச்சதுகளையாவது எடுங்கோ," என்று கெஞ்சும்வரை நிற்கிறவன் நான். எதையும் லேசில் நம்பாத ஓர் ஆள் அவனுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. சரியென்று ஒஷாவாவுக்கு அங்கால் ஒரு வில்லுக் கடைக்குப் போனோம். அம்பு என்றால் ஒரு தடி, முன்னுக்கு ஒரு கூர் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அங்கே போனால் கூறைச் சீலை எடுக்கப் போனது மாதிரி, ஒன்றைக் கேட்டால் ஒன்பதை விரித்துப் போடுகிறார்கள். இப்போது எல்லோரும் தேடுவது ஒல்லி அம்பாம். பென்சிலைவிட மெலிசு, கார்பனில் செய்தது. காற்று அதைத் தள்ளுவது குறைவு, உடம்புக்குள் உரசல் குறைவு, அதனால் ஆழப் போகும், மான் கெதியாய் விழும். ஆனால் தண்டு மெலிய மெலியத் துளையும் சின்னதாகிவிடும். கூர்முனையைத் திருகிப் பூட்ட அந்தத் துளைக்குள் ஓர் உலோகத் துண்டை ஒட்டவேண்டும், அதற்கு இன்சேர்ட் என்று பெயர். எல்லாச் சண்டையும் அதில்தான். சிலதை முழுவதாக உள்ளே புதைத்து ஒட்டுகிறார்கள், எலும்பில் இடித்தால் தண்டின் வாய் பிளந்துவிடும். சிலது பாதி உள்ளே, பாதி வெளியே. வெளியே நிற்பது அலுமினியமாய் இருந்தால் வளைந்துவிடும். போன வருடம் மாக்கஸுக்கு நடந்தது அதுதான், முதலில் வளைந்து பிறகு முறிந்திருக்கிறது.

எலும்பில் பட்டாலும் உடையாதது எது என்று கடைக்காரனைக் கேட்டேன். உடையாதது என்று ஒன்றும் தன்னிடம் இல்லை, கடைசியாக உடைவதைத் தரலாம் என்றான். இந்தக் கனடாவில் சாமான் விற்கிற ஒருவன் எனக்குச் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன், அந்த ஒரு சொல்லுக்காகவே அவனிடம் வாங்கினேன். ஒல்லித் தண்டு, ஆனால் சுவர் தடித்தது. துளைக்குள் நீளமாய் இறங்குகிற துருப்பிடிக்காத உருக்கு இன்சேர்ட். தண்டின் வாய் பிளக்காமல் வெளியால் மாட்ட ஓர் உருக்கு வளையம். ஒவ்வொரு தண்டையும் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தேன், துள்ளியதை எல்லாம் திருப்பிக் கொடுத்தேன். கன காலத்துக்குப் பிறகு மாக்கஸின் முகத்தில் ஒரு தெளிவைக் கண்டேன். கடைக்காரன் எங்களை அனுப்பும்போது ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னான், ஒட்டுவதற்கு முதல் துளையை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்துக் காயவிடவேண்டும், ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் பசை பிடிக்காது.

இனி வருவதுதான் எங்கள் இருவருக்கும் இடையிலான வழக்கு. துடைத்த தண்டுகளைத் தூசி படாத இடத்தில் வைக்கவேண்டும் என்று வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். கராஜ் தூசி, குசினியில் தாளித்த எண்ணெய்ப் புகை, மதுராவின் அறையில் பவுடர். என் மனிசி நாகமணி போய்ச் சேர்ந்த பிறகும் இந்த வீட்டில் துப்பரவாய் இருக்கிற ஒரே இடம் சாமியறை. பூச்சாடி ஒன்றுக்குள் எல்லாவற்றையும் நிறுத்தி சாமியறை மூலையில் வைத்தேன். இறகும் ஒட்டவில்லை, கூரும் பூட்டவில்லை, கறுப்புக் குழாய்கள் மட்டும். அன்றைக்குத்தான் சரஸ்வதி பூசைக்கு விளக்கேற்ற நீங்கள் வந்தீர்கள். நான் சுண்டல் கடலையைப் பார்க்கக் குசினிக்குள் நின்றுவிட்டேன். சாமிக்கு முன்னால் நெட்டையாய், கறுப்பாய், நடுவில் ஓட்டையோடு ஒரு சாடி நிறைய நின்றால் யார்தான் என்ன நினைப்பார்கள். மதுரா புது நாகரிகத்தில் ஏதோ வாங்கி வைத்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றிலும் சாம்பிராணிக்குச்சியைக் குத்திக் கொளுத்திவிட்டீர்கள். அன்றைக்கு வீடு மணந்த மணத்தை நானே புகழ்ந்தேன். அதோடு விட்டிருந்தாலும் குச்சியின் மிச்சத்தைக் கண்டிருப்பேன். நீங்கள் துப்பரவுக்காரி, எரிந்து முடிந்த ஈர்க்குகளை எல்லாம் பிடுங்கி எடுத்து, சாம்பலையும் ஊதித் துடைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

ஒன்றும் தெரியாமல் நாங்கள் ஒட்டினோம், இறகும் ஒட்டினோம், காயவிட்டு, பள்ளத்தாக்குப் பூங்காவில் இருக்கிற அம்புத் திடலுக்குப் போனோம். மாக்கஸ் முதல் அம்பை விட்டான், இலக்கின் நடுவில் போய்க் குத்தியது. இழுத்தால் தண்டு மட்டும் வந்தது, இன்சேர்ட்டும் கூரும் உள்ளேயே நின்றுவிட்டன. இரண்டாவதும் அப்படித்தான். அவன் முகம் போன வருடத்து முகமாக மாறுவதைக் கண்டேன். தண்டை மூக்கடியில் பிடித்தவன், "மாமா, இது ஏன் கோயில் மாதிரி மணக்குது?" என்றான். அங்கே நின்றபடியேதான் உங்களுக்குப் போன் எடுத்தேன். "குச்சி குத்த உங்களுக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?" என்று நான் கத்தினேன். "சாமியறைக்குள்ள கொலை ஆயுதம் வைச்சது ஆரடா?" என்று நீங்கள் கத்தினீர்கள். பக்கத்தில் அம்பு விட்டுக்கொண்டிருந்த ஒரு சீனக் குடும்பம் வில்லைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தது. நான் கத்தியது பிழை, அதற்கு மன்னியுங்கோ.

ஆனால் அக்கா, பிறகு நடந்ததையும் கேட்கவேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் எந்த அம்பையும் நம்பவில்லை. எல்லா இன்சேர்ட்டையும் கழற்றி, குச்சி சுட்ட வாயை அரிந்து, பஞ்சில் கறுப்பு வராமல் போகும்வரை துடைத்துத் திரும்ப ஒட்டினோம். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் குறட்டால் பிடித்து இழுத்துப் பார்த்தோம், வளைத்துக் காதடியில் பிடித்துக் கேட்டோம். ஒன்றில் மயிரளவு வெடிப்பு, அது சாம்பிராணியால் வந்ததல்ல, வாங்கும்போதே இருந்திருக்கிறது, இவ்வளவு பார்த்த என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. நீங்கள் குச்சி குத்தாமல் விட்டிருந்தால் அதையும் ஒட்டி, பூட்டி, காட்டுக்குக் கொண்டு போயிருப்போம். மாக்கஸ் அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, "அன்ரிக்கு நன்றி சொல்லுங்கோ மாமா," என்றான். நான் சொல்லுகிறேன், நீங்கள் போனை எடுத்தால் அவனே சொல்லுவான்.

கொல்லுகிறதுக்கு நல்ல அம்பென்ன கெட்ட அம்பென்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் மரக்கறிக்காரி, உங்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் நின்று "ஆடு இளசோ?" என்று கேட்டு வாங்கித் தின்று வளர்ந்தவன். அந்த ஆட்டை வெட்டிய கத்தி கூரோ மொட்டையோ என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்தப் பிள்ளை தான் தின்னப்போகும் ஒன்று துடிக்கக்கூடாது என்பதற்காக ஒரு விரல் நீள இரும்புத் துண்டைப் பற்றி ஒரு வருடம் யோசித்திருக்கிறான். அதைப் பார்த்த பிறகு அவனைக் கொலைகாரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்பு சரியாய் இருந்தால் எல்லாம் சரியாய் இருக்கும் என்றுதான் என் மனம் சொல்லுகிறது. நாளைக்கு அவனோடு நானும் போகிறேன். என்னிடம் வில் இல்லை, பக்கத்தில் சும்மா இருப்பேன், அவ்வளவுதான். நீங்கள் என்ன சொன்னாலும் இந்த முடிவில் மாற்றமில்லை.

அத்தானை இருமல் மருந்தை நேரத்துக்குக் குடிக்கச் சொல்லுங்கோ. எல்லாம் வல்ல முருகன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், எனக்குப் பேசுவதற்கு ஓர் அக்காவும் தரவேண்டுமென்று வேண்டி முடிக்கிறேன்.

உங்கள் அன்புத் தம்பி,
சண்முகலிங்கம்

பி.கு: முத்திரை வாங்க மறந்துபோனேன், ஞாயிற்றுக்கிழமை திரும்பப் பிரித்து எழுதுகிறேன். நேற்றுக் காலை ஒரு மான் வந்தது. மாக்கஸ் விட்டான். அது நாலு துள்ளுத் துள்ளி எங்கள் கண் முன்னாலேயே விழுந்தது, ஒரு சத்தமும் போடவில்லை. அவன் பக்கத்தில் போய் முழங்காலில் நின்று அழுதான், பிறகு என்னைக் கட்டிப் பிடித்தான். நேற்றுத்தான் கன மாதத்துக்குப் பிறகு அவன் வயிறு நிறையச் சாப்பிட்டான் என்று மதுரா சந்தோசப்படுகிறாள். அம்பு மறுபக்கத்தால் வந்து புல்லுக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். இன்சேர்ட் அசையவில்லை, வளையம் அசையவில்லை, தண்டில் ஒரு கீறல் இல்லை. நாங்கள் நினைத்தது எல்லாம் அப்படியே நடந்திருக்கிறது, ஒரு பிழையும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சீவனின் கண்ணைப் பார்த்தேன் அக்கா. அம்பைப் புல்லுக்குள்ள திரும்ப வைச்சிட்டன். மேலே எழுதினதுகளை விடுங்கோ. இனி எனக்கு மச்சம் மாமிசம் தொண்டைக்குள்ளால இறங்காது, ஆடும் இறங்காது, கோழியும் இறங்காது. அவனுக்கு இதைச் சொல்ல ஏலாது, சொன்னால் அவன் திரும்பவும் உடைஞ்சு போவான். மானிலை ஆகத் திறமான முதுகுத் துண்டை மாமாவுக்கெண்டு புறம்பா எடுத்து வைச்சிருக்கிறான், வாற ஞாயிறு தன்ரை கையாலேயே சமைச்சுத் தரப் போறானாம். கந்தசஷ்டியும் முடிஞ்சுது. அக்கா, வாற ஞாயிறு எனக்கு ஏதாவது விரதம் வருதோ எண்டு பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ, ஒண்டும் இல்லையெண்டால் நீங்களே ஒண்டைப் பிடிக்கச் சொன்னதா மதுராவுக்குப் போன் எடுங்கோ.