அக்காவுக்கு நான் கூட்டிய ஐந்து மாதம்

பெண்ணின் வயதைக் கூட்டிச் சொன்னவனை எந்தக் குடும்பமும் மன்னிப்பதில்லை. நான் கூட்டியது என் சொந்த அக்காவின் வயதை. அதுவும் கம்ப்யூட்டரில், பிரிண்ட் எடுத்து, இலவசமாக.

அப்போது எம்.சி.ஏ. முடித்துவிட்டுக் குரும்பலூரில் சும்மா இருந்தேன் (வீட்டார் மொழியில், வேலை தேடிக்கொண்டிருந்தேன்). அம்மாவின் தம்பி, என் மாமா, பெரம்பலூரில் திருமணத் தகவல் மையம் வைத்திருந்தார். நோட்டில் கிடந்த வரன்களையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றித் தருகிறேன் என்று நானே போய் விழுந்தேன். பிறந்த தேதியைக் கொடுத்தால் போதும், வயதுக் கட்டம் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். முதலில் 27.4182 என்று நீளமாக வந்தது.

"என்னா மாப்ள, பொண்ணு வயசு தக்காளி எடையாட்டம் வருது?" என்றார் மாமா.

புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்று கேட்ட இடத்தில் சைபர் போட்டேன். எண்கள் சுத்தமாகிவிட்டன. நான் என்னை மேதை என்றே நம்பினேன்.

செல்வி அக்கா வேப்பந்தட்டையில் கணக்கு டீச்சர். வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தவள், அரியலூர் வரனின் போட்டோவை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் பார்த்தாள். பையனின் அம்மாவுக்கு ஒரே நிபந்தனை: பெண்ணுக்கு முப்பது ஆகியிருக்கக் கூடாது. அக்காவுக்கு இருபத்தொன்பது முடிந்து ஏழு மாதம். அப்பா போனில் இருபத்தொன்பது என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

பெண் பார்க்க வந்த அன்று, பஜ்ஜி தீரும் நேரத்தில் அந்த அம்மா மையத்தில் வாங்கிய தாளை எடுத்து விரித்தார்.

"இதுல முப்பதுன்னு போட்டிருக்குங்களே. இன்னும் என்னென்ன மறைச்சிருக்கீங்களோ?"

நான் எழுந்தேன். (எழுந்திருக்கவே கூடாது.) "ஒண்ணுமில்லீங்க, பாதிக்கு மேல இருந்தா அடுத்த நம்பரா காட்டும். உள்ள இருக்கறது மாறாது" என்று விளக்கியபடி லேப்டாப்பைத் திறந்து, சைபரை இரண்டாக்கினேன். 29.58 வந்தது. பெருமையாகத் திருப்பிக் காட்டினேன்.

"எங்க கண்ணு முன்னாலயே கொறைக்கிறியேப்பா!" என்றபடி அந்த அம்மா எழுந்துவிட்டார். பையனும் பின்னாலேயே போனான்.

அவர்கள் போன பிறகுதான் பையனின் பக்கத்தைத் திறந்தேன். 35.61. எங்களுக்குச் சொன்னது முப்பத்தைந்து, எங்களிடம் இருந்த தாளில் முப்பத்தாறு. அதே கட்டம், அதே சைபர். அதை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "கணக்குப்படி நீ போட்டது சரிதான்டா. பரீட்சையா இருந்தா ஃபுல் மார்க் குடுத்திருப்பேன்."

புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடச் சொல்ல ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். மறுநாள் சேர்த்தேன். அதன் பிறகு எந்தப் பெண்ணுக்கும் வயது கூடவில்லை. அந்தப் பையனுக்கு அந்த ஆவணியிலேயே கல்யாணம் ஆனது. அக்காவுக்கு இன்னும் ஆகவில்லை.

போன மாதம் இன்சூரன்ஸ்காரர் வீட்டுக்கு வந்து அக்காவின் வயதைக் கேட்டார்.

"இருங்க, தம்பியக் கேட்டுச் சொல்றேன்" என்றாள். எங்கள் வீட்டில் பல வருடமாக ஓடும் ஜோக் இது. எல்லோரும் சிரித்தார்கள்.

"முப்பத்தி நாலு" என்றேன் அவசரமாக.

"முப்பத்தஞ்சுன்னே எழுதிக்கங்க சார்" என்றாள் அக்கா. "அவன் ரவுண்டாக்குன வயசுலதான் நான் இருக்கேன்."