ஆகாஸ் ராஜாவுக்கு இன்னா பதில்?

கிறிஸ்து பிறப்பையே அரை மணி நேரம் தள்ளிப்போட்ட ஒரே மனிதர் எங்கள் 'ஆகாஸ்'தான். தொண்ணூறுகளில் அணுபுரம் குடியிருப்பில் இருந்தார், ஊர் அச்சரப்பாக்கம். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும்.

எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருடாவருடம் அவர்தான் ஏசாயா தீர்க்கதரிசி. கன்னி ஒருத்தி பிள்ளை பெறுவாள் என்று ஒரு வரி சொல்லிவிட்டு இறங்க வேண்டும். நான் மரியாளின் கணவர் யோசேப்பு. ஒரு வருடம் ஒத்திகையில் அவர் மேடையை விட்டு இறங்க மாட்டேன் என்றார்.

"யாராண்ட சொல்றேன்? எதிர்ல எவனுமே இல்லியே! ஏசாயா இத்த ஆகாஸ் ராஜாவாண்ட சொன்னாரு. ரெண்டு ராஜாங்க படையெடுத்து வந்துகினு கீறானுங்க, இவன் நடுங்கிகினு கீறான். புள்ள பொறக்கும், அதுக்கு நல்லது கெட்டது தெரியறதுக்குள்ள அவனுங்க காலின்னாரு. எழுநூறு வருசம் கழிச்சு இயேசு பொறக்கறதுன்னா இவனுக்கு இன்னா பிரயோஜனம்? வூடு எரியுதுன்னு போன் பண்ணவனாண்ட, உன் கொள்ளுப்பேரனுக்கு வண்டி அனுப்பறோம்னுவியா?"

"அப்போ அது இயேசுவைப் பத்தினதுன்னு சுவிசேஷத்துல மத்தேயு எழுதினது பொய்யா?" என்று எகிறினார் சபைச் செயலாளர்.

"எவன்யா சொன்னான்? மத்தேயு யூதன், ஆகாஸ் கதை அவனுக்குத் தெரியும். அன்னிக்கு பயந்தவனோட இருந்த சாமி இன்னிக்கும் வந்துட்டாருன்னு எழுதுனான். ஆகாஸைத் தூக்கிக் கடாசுன்னா எழுதுனான்?"

செயலாளர் வேடத்தைப் பிடுங்கித் தன் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தீர்க்கதரிசியை வேலையை விட்டு நீக்க ஒரு கமிட்டி! மாப்பிள்ளை ஏசாயாவைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

நாடகத்தன்று மாப்பிள்ளை மேடையேறினார். பின்னாலேயே போர்வையும் அட்டைக் கிரீடமுமாக நம்மாள் ஏறி அவர் காலைக் கட்டிக்கொண்டார்.

"நைனா, நான்தான் ஆகாஸ். எனக்கு இன்னா வழி?"

மாப்பிள்ளை தன் வரியை ஒப்பித்தார்.

"அது அப்பால. இப்போ எனக்கு?"

மாப்பிள்ளை மறுபடி ஒப்பித்தார். இவர் காலை விடவில்லை. கூட்டம் விசிலடித்தது. தேவதூதன் பிஸ்கட் தின்றான். மரியாள், "அண்ணே, நான் எப்பதான் பெத்துக்கறது?" என்று என்னிடம் அழுதாள். செயலாளர் திரையை இழுத்த இழுப்பில் பாதி கையோடு வந்துவிட்டது.

அதோடு ஆகாஸுக்கு மேடை கிடையாது என்றார்கள். போங்கடா என்று நானும் யோசேப்பு தாடியைக் கழற்றி எறிந்தேன்.

அடுத்த வருடம் நாங்கள் இருவரும் பார்வையாளர் வரிசையில். மாப்பிள்ளை காலி மேடையைப் பார்த்து அந்த வரியைச் சொன்னார். பக்கத்து நாற்காலி ஆடியது. திரும்பினால், கண்ணை மூடிக்கொண்டு ஆகாஸ் நடுங்கிக்கொண்டிருந்தார்.

நாடகம் முடியும்வரை அவர் கையை நான் விடவில்லை.