மடிக்காத இலையும் கோச் சம்பளமும்

மலேசியா, கிள்ளானில் இருக்கும் அன்புத் தம்பி முனியாண்டிக்கு, ஆக்லாந்திலிருந்து அக்கா சீதாதேவி எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் தவிர எல்லாரும் நலம். அங்கே உன் சர்க்கரையும் உன் கோபமும் ஏறாமல் இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். பேத்தி சுரேகா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். வழக்கம்போல் பாதி படித்துவிட்டுப் போனைத் தூக்காதே, கடைசி வரை படி.

நம் பேரன் ஜஸ்வினை அமெரிக்காவில் ஒரு யூனிவர்சிட்டி கூப்பிடுகிறது. படிப்பு, சாப்பாடு, அறை எல்லாம் இலவசம், பதிலுக்குப் பந்து உதைக்க வேண்டும். அங்கே ஃபுட்பால் என்று பேர் வைத்துக்கொண்டு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், உதைப்பது எப்போதாவதுதான். அந்த எப்போதாவதுக்குத்தான் நம் பையன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், என் மகன் நரேந்திரனோ முடியாது என்கிறான். பெற்றவள் பேச்சைக் கேட்கமாட்டான், தாய்மாமன் பேச்சைத் தட்டமாட்டான். நீதான் போன் போட்டு, "பையனை அனுப்புடா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

எல்லாம் அந்த யூனிவர்சிட்டியின் பந்துக் கோச்சால் வந்தது. பையனைப் பிடிக்கப் போட்டியாம், போன வாரம் இங்கே எங்கள் ஹில்ஸ்பரோ வீட்டுக்கே வந்துவிட்டார். வாழையிலை போட்டு, கோழிப் பிரட்டல் வைத்தேன். சாப்பிட்டார், ஆனால் இலையை மடிக்கவில்லை. மடிக்காத இலைக்குப் பரிமாறாமல் இருக்க முடியுமா? மறுபடி வைத்தேன், மறுபடி சாப்பிட்டார். முகம் சிவந்து வேர்த்துக் கொட்டியது, அப்போதும் மடிக்கவில்லை. நரேந்திரன் என் காதில், "அம்மா, அவருக்கு மடிக்கணும்னே தெரியாதும்மா. நிறுத்துங்க, ஏதாவது ஆயிடப் போகுது!" என்றான். "சும்மா இருடா, பசிச்ச மனுஷனைப் போய்!" என்று இன்னொரு கரண்டி வைத்தேன். கடைசியில் அவனே எட்டி இலையை மடித்தான். விருந்தாளி இலையை வீட்டுக்காரன் மடிக்கலாமா? என் மானமே போயிற்று. கோச் மட்டும் கண்கலங்கி அவனுக்கு தேங்க்யூ சொன்னார்.

அவர் காரில் ஏறியதும் சண்டை. "யூனிவர்சிட்டித் தலைவரைவிட இந்தாளுக்குப் பல மடங்கு சம்பளம். அது படிக்கிற இடமா, பந்துக் கம்பெனியா?" என்றான் நரேந்திரன், கணக்காளன் அல்லவா. ஜஸ்வின் இங்கிலீஷில் கத்தினான். டீம் ஜெயித்தால் ஸ்டேடியம் நிறையும், டிவிக்காரன் காசு தருவான், பழைய மாணவர்கள் நன்கொடை அள்ளி விடுவார்கள் என்றானாம், சுரேகா சொன்னாள். "அதெல்லாம் எங்கடா போகுது? புது ஸ்டேடியத்துக்கும் அவர் சம்பளத்துக்கும். லைப்ரரிக்கு ஒரு நாற்காலி வருமா? தோத்தா, ஒப்பந்தப்படி அவரை வீட்டுக்கு அனுப்பவும் காசு கொடுக்கணும்!" என்றான் நரேந்திரன்.

நான் நரேந்திரனிடம் உன்னைச் சாட்சிக்கு இழுத்தேன். "உன் மாமா கோயில் தலைவரா இருந்தப்ப தஞ்சாவூர் மேளம் கொண்டாந்தாரு. கூட்டம் ரோடு வரைக்கும் நின்னுச்சு, உண்டியல் வழிஞ்சுச்சு!" அடுத்த ஆண்டு பக்கத்துக் கோயில்காரன் அதைவிடப் பெரிய மேளம் பிடித்ததையும், நீ அதற்கும் மேலே போனதையும், கடைசியில் அம்மன் தலைக்கு மேல் கூரை ஒழுகி வாளி வைத்ததையும் நான் சொல்லவில்லை. நீயும் உளறிவைக்காதே.

நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள். என் பேரன் யூனிவர்சிட்டிக்குள் தலையால் நுழைந்தால் என்ன, காலால் நுழைந்தால் என்ன? ஜஸ்வின் என் கையைப் பிடித்து, "பாட்டி, ப்ளீஸ்" என்றான். அவன் தமிழ் அவ்வளவுதான், எனக்கு அது போதும்.

உன் வீட்டில் எல்லாரும் கண்ணும் பல்லும் கெடாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

உன் அக்கா,
சீதாதேவி

பின்குறிப்பு: சுரேகா படம் பிடிக்க வந்த நேரம் செய்தி வந்தது. வேறொரு யூனிவர்சிட்டி கூடுதல் சம்பளம் தருகிறதாம், கோச் அங்கே போகிறார். ஜஸ்வினையும் வரச் சொல்கிறார். இதில் கூத்து, "அங்க பந்துக் காசு கொஞ்சம் வகுப்புக்கும் போகுதும்மா" என்று நரேந்திரன் சம்மதித்துவிட்டான்! என் சோறு செரிக்கும் முன்னே இடம் மாறுகிற மனுஷனை நம்பியா பிள்ளையை அனுப்புவது? அதோடு, இந்த வீட்டில் நான் வைக்க வைக்க இலையை மடிக்காமல் சாப்பிடுகிறவன் ஜஸ்வின் ஒருத்தன்தான். ஆகவே, "அனுப்பாதே" என்று சொல். பாதியிலேயே போனைத் தூக்கி "அனுப்பு" என்று சொல்லியிருந்தால், அது நீ இல்லை என்று சொல்லிவிடு.